கொரியாக் கடையில் ஒரு புரட்டாசி

புரட்டாசி 2, புதன்

ஸ்ரீராமஜெயம் எழுதத்தான் வைதேகி இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். முன்பக்கத்திலிருந்து ராமன் பெயர் ஓடுகிறது. இதைப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பகலெல்லாம் பேச ஆளில்லை. பேசாமல் இருந்தால் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

ஒரகடத்துக்கு வந்து இரண்டு நாள். வைதேகி என் அண்ணன் மகள். கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அண்ணி தவறிப்போனாள். அன்று முதல் தலைவாரிப் பூ வைத்துவிட்டது நான்தான். ஊரில் கேட்டவர்களிடம், புரட்டாசி மாதம் அண்ணன் மகளோடு இருந்துவிட்டு வரப் போகிறேன் என்று சொல்லி வந்தேன். பெருமாளுக்குத் தெரியும், வந்த காரியம் வேறு.

வைதேகிக்கு இங்கே ஒருவனைப் பிடித்திருக்கிறது. பெயர் நவநீதன். கொரியா நாட்டுப் பலகாரக் கடை வைத்திருக்கிறான். அண்ணன் கத்தவில்லை. “விசாரிப்போம்” என்றார். விசாரிக்க என்னை அனுப்பினார். பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கமலம், என்ன குறைன்னு மட்டும் பார்த்துட்டு வா. நல்லதையெல்லாம் அவ வாயால கேட்டாச்சு.”

ஐப்பசி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். வைதேகியும் ஒப்புக்கொண்டாள். “அத்தை பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்” என்றாளாம். நான் யார் என்று அவனிடம் சொல்லக்கூடாது என்று சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொன்னேன். வைத்தாள். கை சில்லென்று இருந்தது.

புரட்டாசி 3, வியாழன்

கடையைப் பார்த்தேன். பஞ்சர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே நாலு நாற்காலி போடும் இடம். பலகையில் கொரியா எழுத்து. வட்டமும் கோடுமாக, புள்ளி வைக்காமல் போட்ட கோலம் போல இருந்தது. கீழே தமிழில் ‘சியோல் குச்சி’. மணி இரண்டரை. கம்பெனி பஸ்களெல்லாம் போய்விட்டன. ரோடு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. நானும் நடந்து போனேனா, மிதந்து போனேனா தெரியவில்லை.

அவன்தான் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி.

“வாங்கம்மா. யாரையாவது தேடுறீங்களா?”

“ஏன், நான் சாப்பிட வரக்கூடாதா?”

“ஐயோ, வாங்க. தனியா வர்ற அம்மாங்க யாரும் இல்ல, அதான் கேட்டேன். ஃபேனுக்கு நேரா உக்காருங்க.”

“எனக்குக் கறி ஆகாது தம்பி. புரட்டாசிக்காகன்னு இல்ல. முப்பத்திமூணு வருசமா தொடறதில்ல.”

“அப்ப சீஸ் குச்சி சாப்பிடுங்க. பச்சைத் தட்டு சைவம், சிவப்புத் தட்டு கறி. எண்ணெய்ச் சட்டியும் தனித்தனி. இங்கேர்ந்தே பாத்துக்கலாம்.”

பார்த்தேன். சீஸ் துண்டைக் குச்சியில் குத்தி, பொங்கிய மாவில் முக்கி ஒரு சுழற்று. மாவு ஆப்பமாவு போலப் புளித்துக் குமிழ் விட்டிருந்தது. பிறகு பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கில் ஒரு புரட்டு. எண்ணெயில் போட்டால் பலாப்பிஞ்சு போல முள் முள்ளாகப் பொரிந்து வருகிறது. அதன்மேல் சர்க்கரை தூவுகிறான்! காரப் பலகாரத்தின் மேல் சர்க்கரை. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ.

கடைசியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக மயோனைஸ், நடுவில் சிவப்பாகச் சாஸ் இழுத்து என் கையில் கொடுத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாட்சாத் நாமம்!

“என்னம்மா, ஆறிடப் போவுது.”

“பெருமாளைக் கடிக்கச் சொல்றியா தம்பி?”

அவன் குனிந்து பார்த்தான். “அய்யய்யோ” என்று வாங்கி, சின்னக் கரண்டியால் மூன்று கோட்டையும் கலைத்துத் தடவிக் கொடுத்தான். “இப்பக் கடிக்கலாம்.” சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

கடித்து இழுத்தால் சீஸ் நூலாக வருகிறது. ஒரு முழம் வந்தது. அறுக்கத் தெரியாமல் வாய்க்கும் குச்சிக்கும் நடுவே அந்த நூலோடு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் காற்றில் அது ஆடியது. எத்தனை நேரம் என்று தெரியாது. கல்யாணமாகி ஊஞ்சலில் உட்கார்ந்ததுகூட அவ்வளவு நேரம் இல்லை.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய குறை: எண்ணெய் கொஞ்சம் அதிகம்.

புரட்டாசி 5, சனி

முதல் சனி. மாவிளக்குப் போட்டேன். கடைப்பக்கம் போகவில்லை.

புரட்டாசி 8, செவ்வாய்

அண்ணன் போன் செய்தார்.

“என்னா, நாய்க்கடை எப்படி ஓடுது?”

“அதுல நாயும் இல்ல நரியும் இல்ல. பேருதான் ஹாட் டாக். நம்ம பஜ்ஜிக்குப் பேண்ட்டு சட்டை போட்ட மாதிரி இருக்கு.”

“அங்க வாயில ஏதாச்சும் வெச்சியா?”

எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது. எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசப் போன இடத்தில் முடிவாகும் முன்பு கை நனைக்க மாட்டோம். அவர்கள் வீட்டு இலையில் கை நனைந்துவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல நா எழாது.

“குச்சியப் பிடிச்சுத்தான் தின்னேன். கை நனையலையே அண்ணே.”

“வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ நீ.”

“எட்டாவதோட நிறுத்துனது யாராம்?”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும், “அன்னைக்கு நீங்க மேலக்குறிச்சிக்கு எனக்காக விசாரிக்கப் போனப்ப...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. அங்க மழை உண்டா?”

புரட்டாசி 11, வெள்ளி

நாலு முறை கடைக்குப் போயாயிற்று. இன்னும் பெரிய குறை ஒன்றும் அகப்படவில்லை. பாட்டை ரொம்பச் சத்தமாக வைக்கிறான், அவ்வளவுதான். பஞ்சர் கடைக்காரரைக் கேட்டேன். “நல்ல ஆளு, ஆனா கிரிக்கெட் பேசுனா நிறுத்த மாட்டான்” என்றார். நான் யார் பேச்சைப் பற்றிக் குறை சொல்வது.

மத்தியானம் கடையிலேயே கண் அசந்துவிட்டது. கனவு. மேலக்குறிச்சித் தெருவில் புதுப்பெண்ணாக நிற்கிறேன். எதிர்வீட்டுத் தாயாரம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்கிறாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அவள் வாயிலிருந்து வெள்ளை நூல் மட்டும் நீண்டுகொண்டே வருகிறது. சத்தம் கேட்காவிட்டால் என்ன, அவள் என்ன சொன்னாள் என்பதுதான் எனக்குத் தெரியுமே.

கண் விழித்தபோது என் பக்கம் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தான். பாட்டு நின்றிருந்தது.

புரட்டாசி 16, புதன். அமாவாசை

இன்று அவன் அம்மா கனகவல்லி வந்திருந்தாள். உத்திரமேரூர்ப் பக்கம். புதனும் சனியும் வந்து குச்சிக்கு மாவு சுற்றிக் கொடுப்பாளாம். என்னை ஒத்த வயது. நான் ஒரு வார்த்தை விட்டால் ஒன்பது வார்த்தை வருகிறது. இத்தனை நாளாக இவளை எங்கே ஒளித்து வைத்திருந்தான்!

“சனிக்கிழம வாங்கக்கா. மழை நாளு, கூட்டமே இருக்காது. நெறைய பேசலாம்” என்றாள்.

சனிக்கிழமை விரதம். ஆனால் விசாரணையைப் பாதியில் விடலாமா? மத்தியானம் தளிகை முடித்த பிறகு போனால் தப்பில்லை.

புரட்டாசி 19, சனி

என்னவென்று எழுதுவேன்.

மூன்றாம் சனி. காலையில் கோயில், மத்தியானம் தளிகை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாலு மணிக்குப் போனேன். நவநீதன் வெளியே சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தான். கனகவல்லி மாவில் முக்கி உருளைக்கிழங்கில் புரட்டிப் புரட்டித் தட்டில் அடுக்கினாள். புரட்டி முடித்துவிட்டால் எது சீஸ், எது கறி என்று கண்ணுக்குத் தெரியாது. பலகைமேல் சாய்ந்து நின்றுகொண்டு ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: “பையனுக்குக் கல்யாணம் பாக்கலையாக்கா?”

“ஒண்ணு நிச்சயம் ஆகி நின்னுபோச்சுக்கா. கேன்டீன் வேலைய வுட்டுட்டுக் கடை வெக்கறேன்னான் பாரு, பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க.”

“அடப் பாவமே. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“அத ஏன் கேக்கறீங்க...” என்று ஆரம்பித்தாள். நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கை பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே இருந்தது. பச்சைத் தட்டு, சிவப்புத் தட்டு, பச்சைத் தட்டு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழைக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

நவநீதன் வந்து கை கழுவி, பச்சைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, சைவச் சட்டியில் பொரித்து எனக்குக் கொடுத்தான். தின்றேன். இன்றைக்கு நூல் வரவில்லை, சீஸ் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ருசி நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. பெருமாளே, மறைக்காமல் எழுதுகிறேன், குச்சியைக்கூட உறிஞ்சினேன்.

அடுத்து வந்த பெண்ணுக்கு அதே தட்டிலிருந்து எடுத்தபோது ஒன்று கைதவறி விழுந்து பிளந்தது. அவன் அதைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க சாப்பிட்டது கறி. கோழிக்கறி.”

உறிஞ்சிய குச்சி இன்னும் என் கையில் இருந்தது.

“நான்தாம்மா தட்ட மாத்தி வெச்சுட்டேன். என் தப்பு.”

அவனுக்குப் பின்னால் கனகவல்லியின் வாய் திறந்தது. அவன் திரும்பாமலே, “நீங்க உள்ள போயி மாவப் பாருங்கம்மா” என்றான்.

குடை எடுக்காமல் வந்துவிட்டேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். முப்பத்திமூன்று வருஷம்.

புரட்டாசி 20, ஞாயிறு

மூன்று முறை குளித்தேன். ஜலதோஷம் பிடிக்கும் அத்தை என்றாள் வைதேகி. பிடிக்கட்டும்.

புரட்டாசி 21, திங்கள்

யாராவது ஏன் கறியை விட்டாய் என்று கேட்டால், சும்மா ஒரு வேண்டுதல் என்பேன். மேலக்குறிச்சியிலிருந்து பதினோரு மாதத்தில் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தேனே, அந்த வாரம் வேண்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் இனி ஒரு பெண் இப்படித் திரும்பி வரக்கூடாது, அதற்காக நான் கறி தொடுவதில்லை என்று. அப்போது வைதேகி பிறக்கவேயில்லை.

அந்த வேண்டுதலை அவள் விரும்புகிறவனே தன் கையால் கெடுத்திருக்கிறான். சகுனம் என்றால் இதைவிடப் பெரிய சகுனம் உண்டா? காலையிலிருந்து பெருமாள் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் எப்போதும் போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒன்று தோன்றியது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. கறி ருசியையே நான் மறந்துவிட்டேன். நாளைக்கும் போய், அந்தச் சனிக்கிழமைக் குச்சி போல ஒன்று கொடு என்று கேட்டிருப்பேன். யாரோ ஒரு கிழவி, நாலு நாளில் ஊருக்குப் போகிறவள். சொன்னதால் அவனுக்கு என்ன லாபம்?

ஒரே மூச்சில் ஒரு உண்மையும் ஒரு பொய்யும் சொன்னான். தட்டை மாற்றியது அவன் இல்லை. எனக்குத் தெரியும்.

இதை அண்ணனிடம் சொன்னால் அந்த நிமிஷமே சம்பந்தம் முறிந்துவிடும். அவர் தேடுவது இப்படி ஒரு குறையைத்தான். சொல்லாமல் விட்டால்? விசாரிக்கப் போனவர் தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

புரட்டாசி 22, செவ்வாய்

வைதேகியைக் கேட்டுவிட்டேன். “நான் யாருன்னு அவன்கிட்ட சொன்னியாடி?”

“சத்தியமா இல்ல அத்தை. சனிக்கிழமை அவரே போன்ல அழுதாரு, ஒரு அம்மாவோட விரதத்தைக் கெடுத்துட்டேன்னு. நீங்க அன்னைக்குக் குளிச்ச குளியலைப் பார்த்துத்தான் அது நீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது.”

அடுப்படியில் நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?”

நான் எழுந்து போய் அந்தக் கத்தியை எடுத்தேன்.

“சொல்லாதீங்க அத்தை. இது ஒண்ணு மட்டும் வேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

நான் வளர்த்த பிள்ளை. இதுவரை என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூடக் கெஞ்சவில்லை.

வெண்டைக்காயை நானே நறுக்கி முடித்தேன்.

புரட்டாசி 23, புதன்

அண்ணனுக்குப் போன் போட்டேன். சொல்லிவிட்டேன். விரதச் சனிக்கிழமை, கறி, தின்றது எல்லாம்.

“கறியக் குடுத்தானா? மூணாஞ் சனியிலயா?” அவர் குரலில் கோபம் இருந்தது. அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. “போதும் கமலம். நீ கெளம்பி வா. வைதேகிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“இன்னும் சொல்லி முடிக்கலண்ணே. அவன் சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“சொல்லிட்டா செஞ்சது இல்லேன்னு ஆயிருமா?”

“ஆவாது. ஆனா அவனுக்குத் தெரிஞ்சத அவன் சொன்னான். தாயாரம்மா பஸ் ஸ்டாப்புல உங்ககிட்ட சொன்னத நீங்க எங்கிட்ட சொல்லல.”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. போனுக்குள் காற்று மட்டும் போய் வந்தது. அண்ணன் எங்கள் ஊரில் இருக்கிறாரா, முப்பத்திமூன்று வருஷத்துக்கு முந்தி அந்தப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாரா என்று தெரியவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“கல்யாணமாகி அங்க போன எட்டாம் நாளே. தண்ணிக்குப் போனப்ப தாயாரம்மாவே கேட்டுச்சு. ‘ஒங்க அண்ணங்கிட்ட சொன்னேனேம்மா, அவனுக்குச் சேலத்துல பொண்டாட்டி புள்ள இருக்குன்னு. சொல்லலியா?’ன்னு.”

“அப்பா வாக்குக் குடுத்துட்டாரு கமலம். நானும் அவங்க வீட்டு இலையில உக்காந்து எழுந்திருச்சிட்டேன். அப்புறந்தான் அந்தம்மா...”

“கோவமா சொல்லலண்ணே.”

கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டவர். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை எழுதும்போது பேனா அழுத்தித் தாள் கிழிந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பக்கத்தில் இன்னும் ராமன் பெயர் வரவில்லை.

அவர்தான் போனை வைத்தார்.

புரட்டாசி 24, வியாழன்

அண்ணன் போன் எடுக்கவில்லை. வைதேகி என்னோடு பேசவில்லை. துணி துவைத்தேன், காயவில்லை.

புரட்டாசி 25, வெள்ளி

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். அண்ணன். கையில் குடை மட்டும். ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். வைதேகி பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“லீவு போடு. வீட்டுலயே இரு” என்றார் அவளிடம். என்னிடம், “அந்தக் கடை எந்தப் பக்கம்?” என்றார். காட்டினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாடியில் நின்றால் கடைப்பக்கம் தெரியும், நாள் முழுக்க நின்று பார்த்தேன். தூறல் நிற்கவில்லை. பஞ்சர் கடையில் நின்றார். மருந்துக் கடையில் நின்றார். பால் வண்டிக்காரனை நிறுத்தினார். அவனுக்கு வீடு வாடகைக்கு விட்டவரைத் தேடிப்பிடித்து அவர் திண்டாட நிற்க வைத்துப் பேசினார். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண் பிள்ளைகளிடம்கூடக் குடையை மடக்கிவிட்டு ஏதோ கேட்டார். மழைக்குள் அந்தக் கறுப்புக் குடை மலர்ந்து, மூடி, நகர்ந்து, மறுபடி மலர்ந்தது. அறுபத்திரண்டு வயது. வேட்டி முழங்கால் வரை சேறு.

சாயங்காலம் வந்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வைதேகியை எதிரே உட்காரச் சொன்னார்.

“பதினஞ்சு பேர்கிட்ட கேட்டேன். ஒவ்வொருத்தர் சொன்னதையும் சொல்றேன். எனக்குப் புடிச்சதும் வரும், புடிக்காததும் வரும். கேட்டுட்டு நீ முடிவு பண்ணு. நான் பண்ணல.”

வைதேகி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

சொல்லத் தொடங்கினார். பஞ்சர் கடைக்காரர் நல்லவன் என்றார். மருந்துக் கடைக்காரர், கோபம் வந்தால் ரெண்டு நாள் பேச மாட்டான் என்றார். ஒரு நிச்சயம் நின்றுபோனது. வீட்டுக்காரரோடு தண்ணீர் மோட்டாருக்காக ஒரு முறை தகராறு. சிகரெட் இருந்தது, போன வருஷம் விட்டுவிட்டான். முழுசாக விட்டானா என்பதில் பால் வண்டிக்காரனுக்குச் சந்தேகம்.

“இன்னைக்குன்னு பாத்து அவங்க அம்மாவும் கடைக்கு வந்திருந்தாங்க. தட்ட மாத்துனது அவங்கதானாம். பையன் பழியத் தன் மேல போட்டுக்கிட்டான்னு அழுவுறாங்க. கமலம் எங்கிட்ட இத சொல்லல.”

நான் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஏன் மாறுச்சுன்னு கேட்டேன். யாரோ ஒரு அக்கா விடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்துச்சாம். அதையும் கமலம் சொல்லல.”

வைதேகி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாகச் சிரிக்காத பிள்ளை. சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. “அப்பா, போதும்பா. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். எனக்குச் சம்மதம்பா.”

“உனக்குத் தெரிஞ்சா என்ன? நான் சொல்லணும்ல. இரு, இன்னும் நாலு பேர் சொன்னது பாக்கி இருக்கு.”

மீதியையும் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல், ஒவ்வொருவர் குரலிலும் சொன்னார். வைதேகியிடம்தான் சொன்னார், முகம் மட்டும் என் பக்கம் இருந்தது. வெளியே விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று, யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. நான் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் ‘ம்’ மட்டும் கொட்டிக்கொண்டிருந்தேன்.